பிந்தி வாறவனுக்க இலை

நாகர்கோவில்
20 ஆகஸ்ட் 2025

சொர்ணம்மாள் அக்காவுக்கு,

தங்கையன் எழுதுகிறேன். கவரைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். வேறு போனில் கூப்பிட்டால் குரல் கேட்ட உடனே வைத்துவிடுகிறாய். என் ஆபீஸ் மேனேஜர் ரிஜோதான், "அண்ணாச்சி, ஒரு லெட்டர் போட்டுப் பாருங்க, லெட்டரைப் பாதியில கட் பண்ண முடியாதுல்லா" என்றான். அதனால் பேனா எடுத்தேன். செக்கில் கையெழுத்துப் போடுவதைத் தவிர இந்தக் கை எழுதி எத்தனையோ காலம். கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்.

நல்ல சேதிதான். வணிகர் சங்கத்தில் இந்த வருஷச் சாதனையாளர் விருது எனக்குக் கொடுக்கிறார்கள். புரட்டாசியில் விழா. அதற்கு மலர் போடுகிறார்கள். வாழ்க்கை வரலாறு இரண்டு பக்கம் கேட்டார்கள், நான் சொல்லச் சொல்ல ரிஜோ டைப் அடித்தான். கல்யாண வீடுகளில் பாத்திரம் கழுவிய ஒருவன் 'சொர்ணம் கேட்டரிங்' ஆரம்பிக்கிறான். ஓலைப் பந்தலில் புகை மூட்டமாக இருந்த ஆக்குப்புரைக்குக் கேஸ் அடுப்பும், தொப்பி போட்ட சமையல்காரர்களும், சீருடை போட்ட பரிமாறுகாரர்களும் கொண்டுவருகிறான். அமைச்சர் வீட்டுக் கல்யாணம்வரை போகிறான். பிறகு 'சொர்ணம் பிராப்பர்ட்டீஸ்', திருவட்டாற்றுப் பக்கம் 'சொர்ணம் கார்டன்' வில்லாக்கள். இலைக்கு இவ்வளவு என்று பேசியவன் இன்று சென்டுக்கு இவ்வளவு என்று பேசுகிறான். இந்த வரிக்குக் கைதட்டல் விழும் பார். எல்லாம் உன் பெயரில்தான் இருக்கிறது அக்கா. மேடையில் நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

தக்கலையில் நாம் பிடித்த முதல் கல்யாண ஆர்டரில், உருளிக்குப் பின்னால் மூன்று பேரும் நிற்கும் படம் உன்னிடம்தான் இருக்கும். அதை அனுப்பு. அத்தானும் அதில் நிற்கிறார். அவரை வெட்டச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று நாலு தடவை யோசித்தேன். வில்லா வாங்குகிறவர்களின் பால்காய்ச்சுக்கு நம் செலவில் சாப்பாடு போடுகிறோம், அது ஒரு விளம்பரம். மாடல் வீட்டில் சமையல், வாங்கின வீட்டில் பந்தி. போன ஞாயிற்றுக்கிழமை ஜாஸ்பின் என்று குவைத்தில் நர்ஸாக இருந்த பெண்ணின் பால்காய்ச்சு. எல்லாரும் எழுந்த பிறகு மாடல் வீட்டுச் சமையலறைத் தரையில் ஒற்றை இலை கிடந்தது. யாரோ எல்லாக் கூட்டும் பரிமாறி, வழித்துச் சாப்பிட்டு, இலையை அந்தப் பக்கமாக மடக்கி வைத்திருக்கிறார்கள். நம் பக்கமாக இல்லை, எதிர்ப் பக்கமாக. செத்த வீட்டில் மடக்குவது போல. பாத்திரம் வாங்க வந்த ஜாஸ்பினின் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். "பால் காய்ச்சின அன்னைக்கு எவனாக்கும் இழவு வீட்டு இலை மடக்கினது?" என்று ஒரே அழுகை.

வைகாசியில் நடந்த பால்காய்ச்சுகளிலும் இப்படித்தான் கிடந்ததாம். என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறார்கள். தொழிலில் பொறாமைக்காரர்கள் உண்டு, யாரோ விளையாடுகிறார்கள். நீ ஆள் வைத்துச் செய்யவில்லையே? கோபப்படாதே, கேட்டுத்தானே ஆக வேண்டும்.

தங்கையன்


திற்பரப்பு
25 ஆகஸ்ட் 2025

தங்கையனுக்கு,

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை, அதனால் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.

அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வருகிறவர்களுக்கு இட்லியும் சோறும் போட்டே எனக்கு இடுப்பு ஒடிகிறது. உன் வில்லாவுக்கு ஆள் அனுப்பி இலை மடக்க எனக்கு நேரம் கிடக்கிறதா? நல்ல கேள்வி கேட்டாய்.

பாத்திரம் கழுவினவன் என்று எழுதியிருக்கிறாயே, எலே, நீ எப்போது கழுவினாய்? கழுவினது நான். நீ வெள்ளைச் சட்டை போட்டுப் பந்தலில் நின்று பெண் வீட்டாரிடம் வாயடித்துக்கொண்டிருந்தாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை. உன் வாய் இல்லாவிட்டால் ஆர்டர் ஏது? ஆனால் சாப்பிட்டு எழுந்தவன் அடுத்த கல்யாணத்துக்கும் நம்மைக் கூப்பிட்டது உன் அத்தானின் கைக்காக. முத்துநாயகம் கிண்டின அடைப் பிரதமன் பாயசம் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மலரில் இதை எழுது, கைதட்டல் விழுகிறதா என்று பார்ப்போம்.

உன் சொர்ணம் கார்டனில் குளம் ஒன்று இருந்ததையும் எழுது. பத்திரத்தில் வயல் என்று போட்டிருந்தால் குளம் வயலாகிவிடுமா? ஒவ்வொரு கல்யாணமும் முடிந்து அவர் அந்தப் படித்துறையில் போய் உட்காருவார், சூட்டில் வெந்த காலைத் தண்ணீரில் போடுவார். நீ அதை மண்ணடித்து மூடப் போகிறாய் என்றதும், "முதல் லோடு மண்ணு என் தலையில விழட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டு இறங்கினார். மறுநாள் நீதான் வந்து சொன்னாய். "மார்த்தாண்டத்துல திருவனந்தபுரம் பஸ்ஸுல ஏறினாருக்கா, கையில மஞ்சள் பை இருந்து, திரும்பிக்கூடப் பாக்கல்ல." எட்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தையில் உயிரை வைத்திருக்கிறேன். உன் முகத்தில் முழிக்காமல் இருக்கிறேனே தவிர, அந்த வார்த்தைக்காக உன்னை முழுதாக வெறுக்க முடியவில்லை.

இப்போது இலைக்கு வருகிறேன். நீ எழுதினதைப் படித்தபோது கல்லில் கிடந்த தோசை கருகிப்போனது.

கடைசிப் பந்தி முடிந்து, சமையல்காரர்கள் உட்காருவதற்கு முன்னால், ஆக்குப்புரையில் அவர் ஒரு இலை போட்டு எல்லாம் பரிமாறி வைப்பாரே, மறந்துபோனாயா? "பிந்தி வாறவனுக்க இலை" என்பார். வழி தவறி, நேரம் தவறி, கூப்பிடாமல் எவனாவது வந்தால் அவனுக்கு. யாரும் வராவிட்டால் அவரே அதில் உட்காருவார். நீ இலைக்கணக்குப் போட்டு ரேட் பேச ஆரம்பித்ததும் முதலில் நிறுத்தினது அந்த இலையைத்தான்.

அவர் சின்ன வயதில் சமையல் படித்தது செத்த வீட்டு அடியந்திரங்களில். பதினாறாம் நாள் சாப்பாட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து கை அப்படியே பழகிவிட்டது. கல்யாண வீட்டிலும் அந்தப் பக்கமாகத்தான் மடக்குவார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனைப்பாங்க?" என்று நான் பல்லைக் கடிப்பேன். "கைக்கு அதாக்கும் பழக்கம், நான் என்ன செய்ய?" என்று சிரிப்பார்.

இங்கே நானும் கடை மூடுமுன் தினமும் ஒரு இலை போடுகிறேன். யாரும் வராவிட்டால் நானே சாப்பிட்டு, இந்தப் பக்கமாக மடக்கி எடுக்கிறேன்.

தங்கையா, அது பொறாமைக்காரனும் இல்லை, பேயும் இல்லை. உன் அத்தான் திரும்பி வந்திருக்கிறார். என் முன்னால் வரக் கூச்சப்பட்டுக்கொண்டு அங்கே வந்து சாப்பிட்டுப் போகிறார். இலையை நான் பார்க்க வேண்டும்.

சொர்ணம்மாள்


நாகர்கோவில்
1 செப்டம்பர் 2025

அக்கா,

இலையைப் பற்றி உனக்கு எழுதியது என் புத்திகெட்ட வேலை. அதை விட்டுவிடு. இலையை அப்படி மடக்க ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அது அத்தான் இல்லை.

நேற்று அஜின் சாரின் பால்காய்ச்சு. மனுஷன் பள்ளிக்கூட வாத்தியார், கடன் வாங்கி வீடு வாங்கியவர். இந்தத் தடவை நான் விடவில்லை. சமையல் முடிந்து பாத்திரங்களை வெளியே எடுத்ததும், மாடல் வீட்டுச் சமையலறையை என் கையால் பூட்டிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பந்தி முடிந்து ரிஜோவைக் கூட்டிக்கொண்டு போய்த் திறந்தேன். உள்ளே இலை கிடந்தது. பருப்பில் விட்ட நெய் மணம்கூடப் போகவில்லை. மடக்கியது எந்தப் பக்கம் என்று நீ கேட்பாய். அந்தப் பக்கம்தான்.

வாட்ச்மேனை நிறுத்திவிட்டேன். அவன் போகும்போது, "அந்த அடுக்களையில மத்தியானம் யாரோ சிரிக்குது முதலாளி, நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். ஜாஸ்பின் வீட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். ஊர் முழுக்கப் பேச்சு. சமையலறைத் தரையில் ஒரே ஒரு இடத்தில் டைல்ஸ் எப்போதும் ஈரமாக இருக்கிறது. இரண்டு தடவை பெயர்த்துப் போட்டாயிற்று. கொத்தனார், "அடியில ஊத்து கெடக்கு, எத்தனை தடவை போட்டாலும் இதுதான்" என்கிறான்.

எனக்கும் உடம்பு சரியில்லை. நெய்யூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தேன். சர்க்கரை தாறுமாறாக ஏறியிருக்கிறது. டாக்டரம்மா, "பாயசமும் போளியுமா வெட்டுறீங்களோ?" என்று சத்தம் போட்டார். காலையில் ஓட்ஸ், மத்தியானம் கோதுமைக் கஞ்சி, அவ்வளவுதான் என் சாப்பாடு. ஊருக்கே பாயசம் விளம்புகிறேன், மோந்துகூடப் பார்ப்பதில்லை. சொன்னால் அவர் நம்பவில்லை. பால்காய்ச்சு நடக்கிற நாட்களில் சாயங்காலம் என் கையில் நெய்யும் ஏலக்காயும் மணக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போக மாட்டேன் என்கிறது.

பயமாக இருக்கிறது அக்கா. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? வியாழக்கிழமை இன்னொரு பால்காய்ச்சு. சமையலறையில் கேமரா வைக்கலாம் என்று ரிஜோ சொல்கிறான், சரி என்றுவிட்டேன். எந்தத் திருடன் என்று தெரிந்துவிடும்.

நீ மட்டும் அங்கே வந்துவிடாதே. வீணாக நம்பிக்கையை வளர்க்காதே. அவர் எப்படி வருவார்?

தங்கையன்


திற்பரப்பு
3 செப்டம்பர் 2025

தங்கையனுக்கு,

அவர் எப்படி வருவார் என்று எழுதியிருக்கிறாய். பஸ்ஸில் போனவர் பஸ்ஸில் வருவார். இதிலென்ன உனக்குச் சந்தேகம்?

ஓணம் விடுமுறைக்குக் கேரளாக்காரர்கள் அருவியில் குவிகிறார்கள். கடையை விட்டு அசைய முடியவில்லை, இல்லாவிட்டால் நாளைக்கே உன் வில்லாவில் வந்து நிற்பேன். பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உனக்கு இன்னொரு பால்காய்ச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதற்குச் சமையல் நான். உன் தொப்பி போட்ட ஆட்களெல்லாம் காய் நறுக்கட்டும். கேஸ் அடுப்பு வேண்டாம், விறகு போட்டு வை. பிரதமனுக்கு அடையை நானே இலையில் வார்த்து வேகவைத்து நறுக்குவேன். கடைசியில் அந்தச் சமையலறையில் நானே இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வரட்டும், பார்க்கிறேன்.

அவருக்கு ஒரு சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். இளைத்திருப்பாரோ தடித்திருப்பாரோ தெரியாமல் கடைக்காரனிடம் அளவு சொல்ல முழித்தேன். "வீட்டுக்காரருக்க அளவு தெரியாதாக்கா?" என்று சிரித்தான். பெரிதாகவே எடுத்துவிட்டேன், பிடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

கேமராவெல்லாம் எதற்கு? சொந்த மனுஷன் பசித்து வந்து சாப்பிட்டால் அவரைத் திருடன் என்றா சொல்வாய்? அதைக் கழற்று. பழையதையெல்லாம் அவரிடம் கிளறாதே. குளம் போனது போனதுதான், நானே அவரிடம் பேசிக்கொள்கிறேன். உன்மேல் கோபம் இருந்தால் உன் வீட்டுச் சோற்றைத் தொடுவாரா?

உடம்பைப் பார்த்துக்கொள். கோதுமைக் கஞ்சியில் கொஞ்சம் சிறுபயறு போடு, வெறும் கஞ்சி குடித்தால் கிறுகிறுக்கும்.

சொர்ணம்மாள்


நாகர்கோவில்
8 செப்டம்பர் 2025

அக்கா,

நீ சொல்லியும் கேமராவைக் கழற்றவில்லை. கழற்றியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமைப் பதிவை முதலில் பார்த்தது ரிஜோ. பார்த்துவிட்டு லேப்டாப்பை என் மேசையில் வைத்தான். என் முகத்தைப் பார்க்காமல், "நீங்களே பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டான்.

கதவு திறக்கிறது. கையில் இலையோடு ஒருவன் உள்ளே வருகிறான். ஈரமாக இருக்கும் அந்த டைல்ஸ் பக்கத்தில் இலையை விரித்துத் தண்ணீர் தெளிக்கிறான். தூக்குப் பாத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாக விளம்புகிறான். உப்பேரி, இஞ்சி, பச்சடி, அவியல், எரிசேரி, எல்லாம் அத்தான் விளம்பும் வரிசை. கொஞ்ச நேரம் இலைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். யாரையோ எதிர்பார்ப்பது போல வாசலைப் பார்க்கிறான். பிறகு சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறான். பாயசத்தில் போளியைப் பிசைந்து, மட்டிப்பழத்தையும் போட்டு வழிக்கிறான். நடுநடுவே வாய் அசைகிறது, சிரிக்கிறான். எதிரே சுவர்தான் இருக்கிறது. அந்தக் கேமராவில் சத்தம் பதிவதில்லை, நல்லவேளை. எல்லாம் முடிந்ததும் இலையை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக, அந்தப் பக்கமாக மடக்குகிறான்.

அது நான்தான் அக்கா.

சத்தியமாக எனக்கு ஒன்றும் நினைவில்லை. அன்று மத்தியானம் ஆபீஸில் தலை வலித்துப் படுத்திருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை போட்டுப் பார்த்தும் அது என் கை, என் மோதிரம், என் வழுக்கை. நான் பிறந்ததிலிருந்து கல்யாண வீட்டில் இலையை அப்படி மடக்கியது இல்லை. உனக்கே தெரியும்.

அந்தச் சமையலறை எங்கே இருக்கிறது என்று நீ என்னிடம் கேட்டதே இல்லை. பிளான் வரைந்தவர் வாஸ்துப்படி அக்கினி மூலை என்று அங்கே போட்டார். நான் வேறு இடம் மாற்றச் சொன்னேன். மாற்றினால் வாசல் ரோட்டைப் பார்க்காது என்றார். ஏன் மாற்ற வேண்டும் என்று அவர் கேட்டபோது, சரி, அங்கேயே இருக்கட்டும் என்று பிளானில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். குளத்தின் படித்துறை இருந்த இடம் அது.

ஞாயிற்றுக்கிழமைப் பால்காய்ச்சைத் தள்ளிவைத்துவிட்டேன். நீ வர வேண்டாம். இல்லை, வா. எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தங்கையன்


திற்பரப்பு
11 செப்டம்பர் 2025

மக்கா தங்கையா,

உன் கடிதத்தை மத்தியானக் கூட்டத்தின் நடுவில் படித்தேன். சோற்றுக்குக் காத்திருந்தவர்களை எழுந்து போகச் சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தேன். கடை ஆரம்பித்த நாளிலிருந்து அப்படிச் செய்தது இல்லை.

உன் வாய் சொல்லாததை உன் கை சொல்லிவிட்டது. கல்யாண வீட்டில் செத்த வீட்டு இலை மடக்கக் கூச்சப்படாத கை அவர் ஒருவருடையதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் ஒருவர் செத்துக் கிடக்கிறார் என்று தெரிந்தவனும் அப்படித்தான் மடக்குவான் என்று எனக்குத் தோன்றாமல் போயிற்று.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் புரட்டாசியில் கருங்கலில் நமக்கு ஒரு கிறிஸ்தவக் கல்யாண ஆர்டர் இருந்தது, நினைவிருக்கிறதா? உப்பேரிக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து நேந்திரங்குலை லோடு வர வேண்டும். வரவில்லை. நான் வாசலில் நின்று டிரைவரைத் திட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நீ நனைந்துபோய், முழங்கால்வரை செம்மண்ணோடு வந்து நின்றாய். அத்தான் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார் என்றாய்.

லோடு ஏன் வரவில்லை? அதற்கு முந்தின நாள், அவர் வீட்டை விட்டு இறங்கின அன்று, கேரளாவில் ஹர்த்தால், முழு அடைப்பு. ஒரு வண்டி எல்லையில் களியக்காவிளையைத் தாண்டவில்லை. பஸ்ஸும் ஓடவில்லை. நீ அவரை ஏற்றிவிட்டாயே, அந்த நாளில்.

எனக்குத் தெரியும் மக்கா. நீ சொல்லி வாயை மூடுமுன்பே தெரியும். தெரிந்துகொண்டே, "ஜன்னலோரமா இருந்தாரா?" என்று கேட்டேன். உன் முகத்தில் ரத்தமே இல்லை. "ஆமாக்கா, ஜன்னலோரம்" என்றாய். அந்த ஜன்னலோர சீட்டில் அவரை உட்கார வைத்துத்தான் இத்தனை வருஷத்தையும் ஓட்டினேன். நீ ஒரு பொய் சொன்னாய், நான் அதற்குத் தினமும் இலை போட்டுச் சோறு வைத்தேன். உன்னோடு பேசாமல் இருந்ததற்குக் காரணம் குளம் என்று ஊரை நம்பவைத்தேன். பேசினால் நீ ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்கிற பயம்தான் காரணம்.

அவர் படித்துறையில் போய் உட்கார்ந்திருக்கிறார். மழையில் லாரி மண்ணைத் தட்டியிருக்கிறது. நீ கரையில் நின்றாயா, பார்த்தாயா, பார்த்தும் நிறுத்தவில்லையா, அதை என்னிடம் சொல்லாதே. கேட்டுவிட்டால் பிறகு உன்னைத் தம்பி என்று கூப்பிட என் நாக்கு எழாது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல். விருது மேடையில் உன் பக்கத்தில் நிற்கக் கூப்பிட்டாய், அதற்கு நான் வர மாட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு உன்னோடு வருகிறேன். தக்கலைப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். மலருக்கு இல்லை, அங்கே அவர் முகம் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவேன். போலீஸிடம் சொல்லி, அந்தச் சமையலறைத் தரையை அவர்கள் முன்னால் பெயர்க்கச் சொல். கிடைக்கிறவரை நான் அங்கே நிற்பேன். புதுச் சட்டையைக் கொண்டுவருகிறேன், அளவு இனிப் பிரச்சினை இல்லை.

பிறகு பதினாறாம் நாள் அடியந்திரம். சமையல் நான் ஒருத்தி. உன்னை ஜாமீனில் விட்டால் வந்து தேங்காய் துருவு, விடாவிட்டால் இருக்கிற இடத்தில் இரு, உனக்குச் சோறு கொடுத்தனுப்புகிறேன். ஊருக்கெல்லாம் போட்டு முடித்த பிறகு ஆக்குப்புரையில் பிந்தி வாறவனுக்க இலையைப் போடுவேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானே அதில் உட்கார்ந்து சாப்பிடுவேன். சாப்பிட்டு, இத்தனை வருஷம் மனசு வராத அந்தப் பக்கமாக இலையை மடக்குவேன்.

உன் அக்கா
சொர்ணம்மாள்